கரக இரவும் காமிராவும்

பெங்களூரில் குடியேறி ஆண்டுகள் பல கழிந்த பின்னும், இந்நகரின் கரகத்தை நேரில் கண்டிராத தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சைத்ர மாதப் பௌர்ணமியன்று, திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கரகம் புறப்படுகிறது. பெண்கோலம் பூண்ட பூசாரியார், மல்லிகையால் கோபுரம்போல் அலங்கரித்த கரகத்தைத் தலையில் தாங்கி வருவார். அதைக் கையால் பிடிப்பதில்லை. உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் 'கோவிந்தா' என்று முழங்கிச் சூழ்ந்து வருவர். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்வது நெடுநாளைய வழக்கம்.

விழாவின் நாயகி திரௌபதி அம்மன். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில், திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பார்த்தே முதுமை எய்திய என் அன்னையாரிடம் இதைச் சொன்னேன். "அங்கேயும் நம் அம்மன்தானா? ஒரு படம் எடுத்து வா, அப்பா" என்றார். பிரயாணம் செய்ய இயலாத உடல்நிலை அவருக்கு.

2018-ஆம் ஆண்டு, கைமுறை லென்ஸ் ஒன்றைப் பொருத்திய காமிராவுடன் பேட்டைத் தெருவொன்றில் நின்றேன். தானாகவே ஃபோகஸ் செய்யும் வசதி 1985-இல் மினோல்டா 7000 காமிரா வந்தபின் பரவலாயிற்று. ஆயினும் அரையிருளில் அது தடுமாறும். முன்னே நிற்பவர் தலையையோ தெருவிளக்கையோ பற்றிக்கொள்ளும். ஃபிளாஷை அம்மன்முன் மின்னவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே கைமுறையே தகுமென எண்ணினேன். கரகம் வருகிறதென்று ஆரவாரம் எழுந்தது. லென்ஸிலுள்ள எண்களைக் காணக் குனிந்து, கைவிளக்கை ஏற்றினேன். நிமிர்ந்தபோது கரகம் என்னைக் கடந்து போய்விட்டது. வீரகுமாரர்களின் முதுகுகளே எஞ்சின. அன்னையாருக்கு என்ன சொல்வதென்று அறியாமல் வீடு திரும்பினேன்.

முன்னாளில் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவரிடம் இதைக் கூறினேன். "கண் பார்ப்பதற்கு, தம்பி. எண்ணைப் படிக்கும் வேலையை விரலிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார் அவர்.

முறை எளிது. அப்பெர்ச்சர் வளையத்தை அது நிற்கும் எல்லைவரை ஒரு பக்கம் திருப்பினால், லென்ஸ் முழுவதும் திறந்துகொள்ளும். என் 35 மி.மீ. லென்ஸில் அது 2 என்னும் எண். அங்கிருந்து ஒவ்வொரு 'டிக்' ஒலிக்கும் 2.8, 4, 5.6, 8 என்று ஏறும்; படிக்குப் படி ஒளி பாதியாகும். நான்கு 'டிக்' எண்ணினால் 8. ஒளி பதினாறில் ஒரு பங்கு. ஃபோகஸ் வளையத்துக்கும் எல்லை உண்டு. தொலைவின் முடிவில் அது தானே நின்றுவிடும். அவ்வளையத்தின்மேல் ஒரு பசைத்துளியை இட்டு உலரவைத்தேன். பத்தடித் தூரத்துக்குத் திருப்பும்போது அத்துளி என் கட்டைவிரலின்கீழ் வந்து நிற்கும்.

பயிற்சிக்கு லால்பாக் சென்றேன். கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறை ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டு வயதுடையது. விடியலில் அதன்மேல் நின்று, எதிரே ஒருவர் வந்தால் தூரத்தை மதிப்பிட்டு, பாராமலே வளையத்தைத் திருப்பி, பின்பு எண்ணைச் சரிபார்ப்பேன். முதல் வாரம் பிழைகளே மிகுதி. சில மாதங்களில் விரல் பழகிற்று.

பகலில் சிறு பிழை பொறுக்கும். 8-இல் வைத்து ஐந்து மீட்டருக்குத் திருப்பினால், இரண்டரை மீட்டர் தொடங்கித் தொடுவானம்வரை தெளிவாக விழும். இரவில் 2-இல் திறந்து பத்தடிக்கு வைத்தாலோ, எட்டே முக்கால் அடி முதல் பதினொன்றே முக்கால் அடிவரை மூன்றடி ஆழமே தெளிவு. அம்மூன்றடிக்குள் கரகம் வரும் கணமே படத்துக்குரிய கணம்.

2019 ஏப்ரலில் மீண்டும் நின்றேன். ஆரவாரம் எழுந்தது. வளையத்தை எல்லைவரை திருப்பினேன். துளி கட்டைவிரலின்கீழ் வந்தது. இம்முறை குனியவில்லை. வாள்கள் மின்னின, மல்லிகை மணம் முன்னே வந்தது, அதன்பின் கரகம். அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

எடுத்தவை ஆறு, தெளிவாய் விழுந்தது ஒன்று. அதைப் பெரிதாக அச்சிட்டு ஊருக்குக் கொண்டு சென்றேன். அன்னையார் நெடுநேரம் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம் அம்மன்தான்" என்றார்.

அந்தப் படத்தைவிட, அவ்விரவை முழுமையாய்க் கண்டதையே பெரும்பேறாகக் கருதுகிறேன். அடுத்த கரகத்துக்கு நம் குடும்பங்கள் பிள்ளைகளுடன் செல்ல வேண்டும். காமிரா கொண்டு செல்வோர் அதன் வளையங்களை வீட்டிலேயே விரலுக்குப் பழக்கிச் செல்க. தெருவில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது.