வெந்நீர்

மலைப் பங்குகளில் ஒரு மார்கழியைக் கழித்தவர்களுக்கு வெந்நீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு பழனி மலைத்தொடரின் சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றி வந்தோம். ஓய்வு பெற்ற முதிய குருவானவர் ஒருவரும் நம்முடன் பங்கு இல்லத்தில் தங்கியிருந்தார். இருபதாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோய் அவரை வாட்டி வந்தது. அவருக்காகவே குளியலறையில் மின்சாரக் கெய்சர் ஒன்றைப் பொருத்தினோம். உண்மையைச் சொன்னால், நமக்காகவுந்தான்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் அது அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. குசினிக்காரர் நாள்தோறும் வந்து, "சாமி, இன்னைக்கும் தண்ணி சுடலை" என்று முறையிடுவார். மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். உதிரிப்பாகம் கீழே நகரத்திலிருந்து வரவேண்டும், நான்கு நாளாகும் என்றார். குடில் வேலை, பாடற்குழு, பாவசங்கீர்த்தனம் என்று ஆயிரம் அலுவல்களுக்கிடையே நமக்குப் பொறுமை ஏது? "எப்படியாவது ஓட வைத்துவிடுங்கள்" என்றோம். அரைமணி நேரத்தில் ஓட வைத்தார். அன்றிரவு உணவு மேசையில் அவரது கைத்திறனைப் புகழ்ந்தும் பேசினோம்.

அவர் செய்தது இன்னதென்று பின்னரே அறிந்தோம். கெய்சருக்குள் காவலர் இருவர் உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட். பல கெய்சர்களில் அது ஒரு பித்தளைக் குழாய். அதனுள்ளே இன்வார் என்னும் நிக்கல் இரும்புக் கலவையாலான கம்பி. சூடு ஏறினால் பித்தளை நீளும்; இன்வார் அநேகமாக நீளாது. அந்த மயிரிழை வேறுபாடே மின்தொடர்பைப் பிரிக்கிறது. நீர் ஆறியதும் மீண்டும் இணைக்கிறது. (இன்வாரைக் கண்டறிந்த கியோம் என்னும் அறிஞருக்கு 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.) இரண்டாவது காவலர் கட்-அவுட். முதலாமவர் தவறி, நீர் வரம்பு மீறிச் சுட்டால் மின்சாரத்தை அடியோடு துண்டிப்பது அதன் வேலை. நமது தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் தேய்ந்து, அவ்வப்போது ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு முறையும் கட்-அவுட் நம்மைக் காத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நாம் கோளாறு என்று எண்ணினோம்! நமது அவசரத்துக்கு இணங்கி, அதை விலக்கிவிட்டு ஒயரை நேராக இணைத்திருந்தார் அவர்.

2015 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை. குளிர்ந்த பாதங்களைக் குழாயடியில் சற்று நேரம் காட்டிக்கொண்டிருப்பது பெரியவரின் வழக்கம். ஆவி பறப்பது மலையில் புதிதன்று. நீரிழிவினால் அவர் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. திருப்பலி முடித்துக் காலை உணவுக்கு வந்தமர்ந்தவரின் காலைக் குசினிக்காரர்தாம் முதலில் பார்த்தார். இரு பாதங்களிலும் தோல் உரிந்து தொங்கிற்று.

60 டிகிரி சென்டிகிரேடு வெந்நீர் ஏறத்தாழ 5 விநாடிகளில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும் என்றும், 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்றும் மருத்துவர் விளக்கினார். நமது கெய்சரில் அன்று நீர் கொதிநிலையை நெருங்கியிருக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி பெற்ற நம் பங்கு இளைஞர் ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். "யாரு சாமி இதை இப்படிக் கட்டினது?" என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. அன்று மாலை மருத்துவமனையில் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "நானுந்தானே ஃபாதர், வெந்நீர் எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார் அவர். கடிந்துகொண்டிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். புண் ஆற மூன்று மாதங்களாயின.

அளவை மிகவும் குறைத்துவிடுவதும் தீர்வாகாது. 1976இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய படைவீரர் சங்கத்தாரிடையே பரவி, பலரைப் பலிகொண்ட லெஜியோனெல்லா என்னும் கிருமி வெதுவெதுப்பான தேங்குநீரில் செழித்து வளர்வது. ஆகவே தொட்டியில் 60 டிகிரியளவில் சூடாக்கி, குழாயில் தண்ணீர் கலந்து பயன்படுத்துவதே முறை என்கின்றனர். வாளியில் முதலில் தண்ணீரைப் பிடித்து, பின்னர் வெந்நீரைச் சேர்த்து, முழங்கையால் தொட்டுப் பார்க்கலாம். கால் மரத்த முதியோர் உள்ள வீடுகளில் வேறொருவர் தொட்டுப் பார்ப்பதே நலம்.

இப்போது நாம் இருக்கும் பங்கு சமவெளியில் உள்ளது. வெந்நீருக்கு அவ்வளவாகத் தேவையில்லை. ஆயினும் குளியலறை ஆணியில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். குசினியம்மா அதைக் கண்டு சிரிக்கிறார்.