நாடாவில் உறங்கிய தாலாட்டு

ஏட்டுச் சுவடிகளைக் காத்தளித்த பெரியோர்களைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பறையில் பேசி வருகிறேன். ஒலியைக் காத்த ஒருவர் என் குடும்பத்திலேயே இருக்கிறார் என்பதை மட்டும் இதுவரை எழுதியதில்லை. அவர் என் சாச்சா. சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரங்களைப் பராமரித்தவர்.

1999ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், இளங்கலை மாணவனாக இருந்த நான் அவரோடு ஒரு மாதம் தங்கினேன். அக்கூடத்தின் நடுநாயகமாக நின்றது 24 தட நாடாப் பதிவு இயந்திரம். இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் 24 தடங்கள் அருகருகே ஓடும். குரலுக்கொன்று, குழலுக்கொன்று, முழவுக்கொன்று எனத் தனித்தனியே பதிந்து பின்னர் இணைப்பார்கள். 1957இல் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் செய்தளித்த 8 தட இயந்திரத்தின் வழிவந்தது அது. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 2,500 அடிச் சுருள் ஏறத்தாழ 16 நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

காலையில் கூடம் திறந்ததும் சாச்சாவின் முதற்பணி, நாடா உரசிச் செல்லும் ஹெட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைப்பது. ரப்பர் உருளையில் மட்டும் அது படவிடமாட்டார். ரப்பர் இறுகிவிடும் என்பார். பிறகு இயந்திரத்தை அணைத்து, நாடாக்களைத் தொலைவில் வைத்துவிட்டு, ஹெட்டில் தங்கிய காந்தத்தை நீக்குவார். இறுதியாக, அளவு நாடாவை ஓட்டி ஒலிக்கும் பகுதியை முதலிலும் பதியும் பகுதியைப் பின்னரும் சரிசெய்வார். "அளவுகோலே கோணலானால் அளந்ததெல்லாம் கோணல்தான் தம்பி. பிறருடைய குரல் நம்மிடம் அமானிதம்" என்பது அவர் வாக்கு.

அவரிடம் ஒரு பழைய சுருள் இருந்தது. 1980களில் ஒரு பெருநாள் விடுமுறையில், கூடம் ஓய்ந்திருந்தபோது, மடியில் குழந்தையோடு சாச்சி பாடிய தாலாட்டை அதன் ஒரே ஒரு தடத்தில் பதிந்திருந்தார். சாச்சி 1997இல் மறைந்தார். அக்குரலைக் கேட்க வேண்டுமென நான் வற்புறுத்தவே, சுருளை ஏற்றினார். பத்து நொடிகூட ஓடியிராது, நாடா கிறீச்சிட்டது. உடனே நிறுத்தினார். ஹெட்டின் மீது பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. அக்கால நாடாக்கள் சிலவற்றில், காந்தத் துகள்களைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அந்நிலையில் ஓட்டினால் துகள்கள் உரிந்து, பதிவும் அவற்றோடு போய்விடும்.

"அவசரப்பட்டால் அவள் குரல் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்" என்று சொல்லிச் சுருளை உறையிலிட்டார். அவர் கை நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

சில ஆண்டுகளில் கணினி வந்தது; இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. நாடா இருந்தது, ஓட்டும் கருவி இல்லை. ஏடு இருந்தும் படிப்பார் இல்லாத நிலை!

2022இல் ஒலிப்பொறியாளரான என் பழைய மாணவர் ஒருவர், 24 தட இயந்திரம் ஒன்றை வாங்க விரும்பி என்னிடம் வந்தார். அவரைச் சாச்சாவிடம் அழைத்துச் சென்றேன். விலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டவை நான்கு. ஹெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? சில முறை சமன் செய்யலாம். அதற்குமேல் மாற்றியே ஆகவேண்டும், மாற்றோ அரிது. எத்தனை காலம் ஓடாமல் கிடந்தது? ஓடாத இயந்திரத்தில் மின்தேக்கிகள் உலர்ந்துவிடும். கையேடும் உதிரிபாகமும் கிடைக்குமா? ஸ்டூடர் நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஏ-80, 1978இல் வெளியிட்ட ஏ-800 போன்றவை பல கூடங்களில் புழங்கியவை. அவற்றை அறிந்தோர் இன்னும் உளர். அரிய வகையோ மலிவாகக் கிடைத்தாலும் அநாதைதான். நான்காவது கேள்வி: "யார் பேணுவார்?"

விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று பளபளத்தது. மற்றொன்று கீறல் விழுந்தது. ஆனால் பல்லாண்டுப் பராமரிப்புக் குறிப்பேடு அதனோடு இருந்தது. மாணவர் இரண்டாவதையே வாங்கினார்.

சென்ற ஆண்டு, சாச்சாவின் மேற்பார்வையில், ஆய்வுக்கூட உலர்த்தியில் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ் மிதவெப்பத்தில் அச்சுருளைப் பல மணி நேரம் வைத்தெடுத்தார்கள். பசை தற்காலிகமாகவே இறுகும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். ஓட்டினோம். முதற்பகுதி மங்கலாகவே கேட்டது. அது என் ஆசைக்குக் கொடுத்த விலை. அதன்பின் சாச்சியின் குரல் தெளிவாக எழுந்தது. இடையே குழந்தையின் சிணுங்கலும்.

பாட்டு முடிந்ததும் சாச்சா, "படி எடுத்தாயிற்றா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பஞ்சை எடுத்து ஹெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் முன்னோர் குரல் பதிந்த நாடா ஏதேனும் இருக்கக்கூடும். கேட்கும் ஆவலில் அதைச் சுழலவிடுமுன், கருவியைத் துடையுங்கள். நாடாவின் நிலையை அறிந்தவரிடம் காட்டுங்கள். இழந்த பத்து நொடிகளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.