லாக்கு
(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்)



சென்னை கோட்டூரில் 'லாக் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு உண்டு. பூட்டுக்கடை இருந்த தெரு போலிருக்கிறது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். தாத்தா சிரித்துவிட்டார்.

"பூட்டு இல்லடா, பக்கிங்காம் கால்வாய் லாக்கு! உப்பும் சவுக்கு விறகும் ஏத்தின படகை, எங்கப்பாவோட கரையில நடந்து கயித்தால இழுத்து வருவேன். லாக்கு வந்தாத்தான் கொஞ்சம் உட்காருவோம்."

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது.

கடல் ஏறி இறங்கினால் ஆற்றின் மட்டம் மாறும். கால்வாய் மட்டம் மாறக்கூடாது. அதனால் ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக்கு கட்டினார்கள். இரண்டு ஜோடிக் கதவு, நடுவில் தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்பக்க மதகைத் திறந்து மட்டம் சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள்.

போன வருடம் வகுப்பில் சார் இதைப் போர்டில் வரைந்தார். "ஜோடிக் கதவு ரெண்டும் நேராக இல்லாமல், மூக்கு மாதிரி ஏன் முன்தள்ளி இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் மௌனம். எனக்குப் பதில் தெரியும். ஆனால் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று அடுத்த கேள்வி வருமே! தாத்தா படகு இழுத்தவர் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் தாத்தா ஆசையாகக் கேட்டார்: "நீ எழுந்து சொன்னியா கண்ணு?"

"சொன்னேன் தாத்தா."

அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது சொல்கிறேன். மூக்கு மேட்டுத் தண்ணீரைப் பார்த்து நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த இரண்டு கதவும் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். தண்ணீரே தாழ்ப்பாள்! "மட்டம் சமமாகாம பத்து பேர் தள்ளினாலும் அசையாது. சமமாயிட்டா ரெண்டு ஆள் போதும்" என்பார் தாத்தா. புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

1965-66 புயல்களும் 1976 புயலும் கால்வாயைச் சிதைத்தன. படகுகள் போய்விட்டன. இன்று கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பொய்யை விடாமல் படிப்பேன்.