மறுகாலுக்கு ஒதுக்கும் பணம்

நீர்வடிப்பகுதித் திட்டத்தில் ஊர் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் ஜனங்கள் முதலில் கேட்பது தடுப்பணைதான். சிமெண்டில் கட்டலாம், பலகை வைக்கலாம், விழா நடத்தலாம். வரப்புக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. ஆனால் மேட்டு நிலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்தாமல் கீழே ஓடையில் அணை கட்டினால், சில மழைக்காலத்திலேயே அது வண்டலால் தூர்ந்துபோகும். மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வா என்று எல்லா வழிகாட்டு நெறிமுறைகளிலும் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க வைப்பதில்தான் எங்கள் பாதி உழைப்பு போகிறது.

பணம் கூடியிருப்பது உண்மை. முந்தைய ஹரியாலி நெறிமுறை இருந்த காலத்தில் ஹெக்டேருக்கு 6,000 ரூபாய். 2009-க்குப் பிறகு ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டத்தில் சமவெளிக்கு 12,000 ஆனது. அதில் 56 விழுக்காடு, அதாவது 6,720 ரூபாய்தான் மண் வேலை, கல் வேலையாக நிலத்தில் இறங்கியது. மிச்சம் நிர்வாகம், பயிற்சி, வாழ்வாதாரம் என்று பிரிந்தது. பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அந்த 12,000, 22,000 ஆனது. மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு.

தொகையைவிட அது வருகிற மாதம்தான் என்னை உறுத்துவது. எங்கள் தெற்குச் சீமை மானாவாரியில் புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழை, தை மாசியில் அறுப்பு. கோடை மழை ஒன்று இறங்கி, மண் பதமாக இருக்கும் சித்திரை வைகாசிதான் வரப்பு போட ஏற்ற காலம். அந்தப் பதத்தில் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்தால் மண் கட்டிக்கொள்ளும். பணமோ மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். காய்ந்து கிடக்கும் கட்டியை அள்ளி அவசரமாகக் குவித்தால் உள்ளே சந்து சந்தாக இடைவெளி நிற்கும். அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் சரியாக இருக்கும். மண் எடுத்த குழிக்கு நடுவே ஆழம் காட்ட வெட்டாமல் விட்ட மண்திட்டும் சாட்சியாக நிற்கும். முதல் அடைமழை அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை.

மண்ணுக்கு மண் வேலை மாறுகிறது. செம்மண்ணில் சமமட்ட வரப்பு நன்றாக நிற்கும். கரிசலில் அதே வரப்பு கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை வந்ததும் வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து உடைத்துக்கொண்டு போகும். கரிசலில் தண்ணீரைத் தேக்குவதைவிட லேசான சரிவில் மெதுவாக நடத்திப் பண்ணைக்குட்டைக்குக் கொண்டுபோவதே நல்லது. அங்கே வெட்டிய குட்டை தார்ப்பாய் இல்லாமலே தண்ணீர் தாங்கும். செம்மண் குட்டையில் தண்ணீர் உறிஞ்சிப் போய்விடும், கீழே கிணறு இருந்தால் அதுவும் லாபமே. மதிப்பீட்டில் இரண்டு மண்ணுக்கும் ஒரே படத்தை ஒட்டி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மட்டம் பார்க்க எனக்கு இன்றும் டியூப் லெவல்தான். அளவு குறித்த இரண்டு கம்பு, நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய். ஒரு காற்றுக்குமிழி உள்ளே நின்றாலும் அளவு பொய்த்துவிடும். குழாயை உதறிக் குமிழியை வெளியேற்றிய பிறகே முதல் புள்ளி. நகரும்போது இரண்டு வாயையும் கட்டைவிரலால் மூடிக்கொள்ள வேண்டும். புள்ளிகளைச் சுண்ணாம்பால் இணைத்தால் கோடு வளைந்து வளைந்து போகும், பட்டா எல்லையோ நேராக நிற்கும். நிலத்துக்காரர் எவரும் தன் புஞ்சையைக் குறுக்கே வெட்ட விடமாட்டார். ஆகவே பழைய பொழியையே, அதாவது எல்லை வரப்பையே, உயர்த்திப் பலப்படுத்துவதில் முடிகிறது. அதில் தவறில்லை, தண்ணீர் கழிய வழி விட்டிருந்தால்.

கண்மாய்க்கு மறுகால் மாதிரி பொழிக்கும் ஒரு மறுகால் வேண்டும். அதை எங்கே வைப்பது என்று அளவு எடுக்கும் முன்பே நிலத்துக்காரரிடம் கேட்டுவிடுவேன். "தம்பி, நீங்க குழாயெல்லாம் புடிக்காண்டாம். தண்ணி அந்த வேலமரத்து மூட்டுலதான் அறுக்கும்" என்றார் ஒரு பெரியவர். "சரி அண்ணாச்சி, இருந்தாலும் புடிச்சுப் பாத்துருவோம்" என்று பிடித்துப் பார்த்தால், தாழ்ந்த புள்ளி அந்த மரத்தடியேதான். அங்கே கல்லை நெருக்கிப் பதித்து, தண்ணீர் விழும் இடத்தில் அகலமாகக் கல் பரப்பினோம். பொழி நீளத்தை மீட்டர் கணக்கில் இலக்காகக் கேட்கும் அறிக்கைப் படிவங்களில் இந்த வேலை ஒரு சின்ன வரிகூடப் பெறுவதில்லை. பணம் குறைகிறது என்றால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

நான் விடாமல் வாதாடுவது ஒன்றுக்காக. 2008 பொது நெறிமுறைப்படி, சொந்த நிலத்தில் நடக்கும் வேலைக்கு உரியவர் 10 விழுக்காடு பங்கு தர வேண்டும். சிறு குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு. அது நீர்வடிப்பகுதிக் குழுவின் கணக்கில் சேரும், பின்னாளைய பராமரிப்புக்கு. திட்டம் முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகு எலி வளையை அடைக்கவும், சரிந்த மறுகால் கல்லைத் திரும்பப் பதிக்கவும் இருக்கிற பணம் அது. பல ஊர்களில் கையெழுத்துப் போடவேண்டிய தலைவர் மாறி, வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. திட்டம் நடக்கும்போதே, ஆவணி மாதத்தில், குழுவை அந்தக் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையாவது எடுக்கவைத்து ஒரு பொழியைச் செப்பனிடச் செய்கிறேன். எப்படி எடுப்பது, யாரிடம் ரசீது வாங்குவது, தீர்மானத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று பழகிய ஊரில், அடுத்த ஆவணியில் என்னைக் கூப்பிடாமலே வேலை நடக்கிறது.