பழவேற்காட்டில் ஒரு சுருட்டுப் பெட்டி

1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை எழுப்பிய பழவேற்காட்டில், ஆண்டுக்கொருமுறை உறையூர்ச் சுருட்டுகளுடன் நாங்கள் கூடுவது வழக்கம். நம் 'சுருட்டு'தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலும் ஒரு தடயம். இவற்றையெல்லாம் சொல்லி மகிழ்பவர், பெட்டி பெட்டியாகச் சேர்த்துவைத்த எங்கள் நண்பர். வாய்ப்புற்றுநோயில் மறைந்தார்.

இவ்வாண்டு அவருடைய பெட்டியோடு சென்றோம். ஏரிக்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் நீட்டினோம்.

"நீங்க பத்த வைக்கலையா?"

"விட்டுட்டோம் ஐயா."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?" என்று சிரித்துவிட்டு வலையை எடுத்தார்.

பகிர்தல் என்றுதான் நினைத்திருந்தோம். பதில் தோன்றவில்லை. பெட்டியை மூடினோம்.