எஸ்ஸனில் ஒரு நாற்காலி!

அக்டோபரில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து ரயிலில் ஏறினால், எல்லார் தோளிலும் பெரிய காலிப் பை. ஆடித் தள்ளுபடியா? ம்ஹூம்... 'ஷ்பீல்'! அட்டை, காய், பகடை வைத்து மேஜையில் ஆடுகிற விளையாட்டுகளுக்கான கண்காட்சி. 1983-லிருந்து நடக்கிறது. 2024-ல் நாலே நாளில் ரெண்டு லட்சம் பேருக்கு மேல்!

காசு இருந்தால் பெட்டி கிடைத்துவிடும் சார். கிடைக்காதது நாற்காலி! எந்த ஆட்டத்தையும் உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பதால், கல்யாணப் பந்தி மாதிரி முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முக்கால் மணி நேரம் நின்றேன். ஒருத்தரும் இலையை மூடுவதாயில்லை. தெரிந்த முகமோ, புரிகிற பாஷையோ கிடையாது. பேசாமல் ரூமுக்கே போயிடலாமா என்று யோசிக்கும்போது, ஒரு ஜெர்மன் பாட்டி பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துவிட்டுத் தட்டிக் காட்டினார். தாத்தா, பேரனோடு நாலாவது கை குறைகிறதாம்!

ஆட்டம் 'கட்டான்'. க்ளாஸ் டாய்பர் என்பவர் பல் கட்டும் லேப் நடத்திக்கொண்டே உருவாக்கி, 1995-ல் வெளிவந்தது. (ஆபீஸ் முடிந்து டி.வி. பார்ப்பவர்கள் கவனிக்க!) செங்கல், மரம், கம்பளி என்று சீட்டுகளைப் பண்டமாற்று செய்து ஊர் கட்ட வேண்டும். பேரன் விரலாலேயே விதி சொல்லிக் கொடுத்தான். ஒரு செங்கல்லுக்கு ரெண்டு கம்பளி நீட்டினேன். பாட்டி மூணு விரலைக் காட்டினார். கொத்தவால்சாவடி தோற்றது!

ஜெயித்தது பாட்டிதான். பேரன் மறுபடி பலகையை அடுக்க ஆரம்பித்தான். என் முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். எனக்குக் காது கேட்கவில்லை.