பப்லுவுக்கு ஒரு பனியன்!

கோவை ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருப்பூர். ஊர் உலகத்துக்கே டி-ஷர்ட் தைக்கிற ஊருக்கு நான் போனது யாருக்காகத் தெரியுமா? எங்க வீட்டு பப்லுவுக்காக. பப்லு ஒரு பக். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னாடியே ஓடுமே, அதே சப்பை மூஞ்சி ஜாதி. சிரிக்காதீங்க பாஸ், இதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு.

போன ஏப்ரலில் எங்க அபார்ட்மென்ட் ஆண்டு விழா. செல்லப் பிராணிகளுக்கு மாறுவேடப் போட்டி. வெல்வெட் துணியில் சூப்பர்மேன் டிரெஸ், கழுத்தில் எலாஸ்டிக் போட்ட சிவப்பு அங்கி என்று பப்லுவை ஜோடித்து மேடையில் ஏத்தினோம். ஒரே கைதட்டல். பத்தாவது நிமிஷம் பயலுக்கு மூச்சு இரைக்க ஆரம்பிச்சுது. அப்புறம் கால் மடங்கி அப்படியே படுத்துட்டான்.

டிரெஸ்ஸைக் கழட்டி, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். தெர்மாமீட்டரில் 105 டிகிரி. நாய்க்கு 101-லிருந்து 102.5 வரைதான் நார்மல். "நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். பக்குக்கு சும்மாவே மூச்சுக்குத் திண்டாட்டம். அதுமேல வெல்வெட்டா?" என்று டாக்டர் போட்ட போடு இன்னும் காதில் கேட்குது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன், ரேடியேட்டரை மூடினா இன்ஜின் என்னாகும்னு தெரியாமப் போச்சே!

பப்லு பிழைச்சுட்டான். ஆனா தங்கச்சி விடலை. "பொங்கலுக்கு அவனுக்கு வேட்டி சட்டை வேணும். இந்தத் தடவை ஒழுங்கா வாங்குண்ணா!"

அதான் திருப்பூர். ஸ்டேஷனை விட்டு இறங்கி பொடிநடையாகப் போனால் காதர்பேட்டை. தெரு முழுக்க பனியன் கடை. ஏற்றுமதியில் மிஞ்சினது, செகண்ட்ஸ், பிட் துணி என்று மலை மலையாகக் குவிச்சு வெச்சிருக்காங்க. நாய் சட்டைன்னு கேட்டதும் ஒரு கடைக்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். "ரெடிமேடா இல்லீங்க தம்பி. துணி எடுத்துக்குங்க, அந்தச் சந்துல ஒரு அக்கா தெச்சுக் குடுப்பாங்க."

150 ஜிஎஸ்எம் வெள்ளைப் பருத்தி பனியன் துணி, வயித்துப் பக்கம் இழுத்தா விரியறதுக்கு கொஞ்சம் ரிப் துணி. மொத்தம் 80 ரூபாய். ஓவர்லாக் மெஷினில் இருந்த அக்கா, நான் நீட்டின அளவுச் சீட்டைப் பார்த்தார். கழுத்து, நெஞ்சுச் சுற்றளவு, கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகு நீளம்.

"பொறந்த குழந்தைக்குத் தெக்கற மாதிரிதானுங்க தம்பி. பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். கடிச்சு முழுங்கிரும். கழுத்துல ரெண்டு விரல் போற மாதிரி விட்டர்றேன். அக்குள்ள தையல் உறுத்தக் கூடாது. ஆம்பளை நாய்ங்களா? அப்ப வயித்துல ஏத்தி வெட்டோணும், இல்லீன்னா ஒண்ணுக்குப் போயி நனைச்சுக்கும்!"

முதுகில் வெல்க்ரோ. எதிலாவது மாட்டி இழுத்தா தானா பிரிஞ்சுரும். வேட்டிக்குப் பதிலா சட்டையோரத்தில் ஒரு கரை. காலில் சிக்காது. வடிவமைப்பில் என் காலேஜ் புராஜெக்ட்டைவிட இது பெட்டர்!

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "எல்லாஞ் சரிங்க தம்பி. அதுக்குப் புடிக்குமான்னு பாத்தீங்களா?"

ரயிலில் ஊர் வந்து சேர்கிற வரை அந்தக் கேள்வி கூடவே வந்துச்சு.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். அளவு கச்சிதம். ஆனா பப்லு நகரவே இல்லை. உதட்டை நக்கினான், கொட்டாவி விட்டான், கண்ணை ஓரமா உருட்டினான். எப்பவும் முதுகுமேல் சுருண்டிருக்கிற வால் தொங்கிப்போச்சு. இதெல்லாம் நாய் பாஷையில் 'பயமா இருக்கு'ன்னு அர்த்தம். ஏப்ரல் மேடையிலும் இதே வால் இப்படித்தான் தொங்கியிருக்கு. போட்டோவில் அப்புறமா பார்த்தோம். அன்னிக்கு நாங்க கைதட்டலைத்தான் கவனிச்சோம்.

தங்கச்சிதான் சொன்னாள், "வேணாம்ணா, கழட்டிடு."

கழட்டினதும் ஒரு உதறு உதறினான். வால் மறுபடி சுருண்டது. சட்டையை வாயில் கவ்விக்கிட்டுப் போய் மூலையில் போட்டு, அதுமேலயே படுத்துத் தூங்கிட்டான்.

திருப்பூர் பனியன் சுகமாத்தான் இருக்குது போல!